பக்கவாதத்துக்குப் பிறகு எழுந்து நடக்கச் சொல்லும் குறுஞ்செய்திகள்: அப்பாவுக்காகச் சேர்ந்த சேவை எப்படி?

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர்களுக்கு, எழுந்து நடக்கச் சொல்லி மூன்று மாதம் குறுஞ்செய்தி அனுப்பும் சேவை ஒன்றை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு நடத்துகிறது. கட்டணம் 600 ரூபாய். அப்பாவை அதில் சேர்த்தோம், மூன்று மாதமும் முடிந்துவிட்டது. நிறை, குறை இரண்டையும் எழுதப்போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த பணத்துக்குப் பலன் இருந்தது. ஆனால் அப்பாவை நடக்க வைத்ததில் அவருடைய போனுக்கு வந்த செய்திகளைவிட அம்மாவின் போனுக்கு வந்த செய்திகளுக்குத்தான் பெரிய பங்கு. இந்தச் சேவையில் சேர நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்டுக்கல் பழனி தடத்திலேயே பெரும்பாலான காலத்தை ஓட்டிவிட்டார். அவருக்கு மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. தம்பி தாமதிக்காமல் 108-ஐ அழைத்ததால் நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடிந்தது. வீட்டுக்கு வந்தபோது இடது கையில் நாலுகால் ஊன்றுகோல், வலது பாதம் தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை, பக்கத்தில் ஒரு ஆள், இவ்வளவும் இருந்தால் கூடத்திலிருந்து வாசல் வரை போவார்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகள் வேளை வாரியாக இருந்தன. ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. நடையைப் பற்றி ஒரே வரிதான்: ‘நடைப்பயிற்சி செய்யவும்’. எவ்வளவு தூரம், எந்த நேரம், மூச்சு வாங்கினால் என்ன செய்வது, யார் பிடித்துக்கொள்வது, எதுவும் இல்லை.

மாத்திரைக்கு அளவு இருப்பதுபோல நடைக்கும் உண்டு. அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முடிந்தவர்கள் வாரம் நான்கு முறையாவது, ஒரு முறைக்குக் குறைந்தது 10 நிமிடம், மிதமான உழைப்புள்ள பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். பேச முடிகிறது, பாட்டுப் பாட மூச்சு போதவில்லை என்றால் அதுதான் மிதமான உழைப்பு. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை 3 நிமிடமாவது எழுந்து நிற்கலாம், இல்லை லேசாக அசையலாம் என்றும் அதில் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர் நாளின் பெரும்பகுதியை உட்கார்ந்தோ படுத்தோதான் கழிக்கிறார். நல்ல காலும் சேர்ந்து வலுவிழக்கிறது, விழுந்துவிடுவோமோ என்ற பயம் கூடுகிறது, அந்தப் பயத்தால் இன்னும் அதிகமாக உட்காருகிறார். இந்தச் சுழலை உடைப்பதற்குத்தான் செய்திகள்.

சேரும் நாளில் இளம் பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அப்பாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேள்வி கேட்டார். காலையில் எத்தனை மணிக்கு எழுவீங்க, பேப்பர் எப்போது வரும், டீ யார் போடுவாங்க, டிவியில் என்ன பார்ப்பீங்க, வீட்டில் படி எத்தனை, தெருவில் நாய் இருக்கிறதா, பாத்ரூம் தரை வழுக்குமா. அப்பாவுக்கு அப்போது பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. நாங்கள் முந்திக்கொண்டு பதில் சொன்னபோது அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, “ஐயாவே சொல்லட்டும்” என்று காத்திருந்தார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

எந்தத் தடத்தில் வண்டி ஓட்டினீர்கள் என்று அவர் கேட்டதில்தான் விஷயம் பிறந்தது. அப்பா ஊர்களைத் தட்டுத்தடுமாறிச் சொல்லச் சொல்ல, அவர் ஒரு தாளில் எங்கள் தெருவை வரைந்து ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிறுத்தத்தின் பெயரை எழுதினார். எங்கள் கேட் ரெட்டியார்சத்திரம். இஸ்திரி வண்டி நிற்கும் வேப்பமரம் ஒட்டன்சத்திரம். பிள்ளையார் கோவில் சத்திரப்பட்டி. டீக்கடை ஆயக்குடி. மெயின் ரோடு பழனி. அப்பா அன்றைக்குத்தான், ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதல் தடவையாக, ஒரு பேச்சில் தானாக ஆர்வம் காட்டினார். ஒட்டன்சத்திரத்தில் மார்க்கெட் இருப்பதால் நேரம் கூடுதலாக நிற்கும் என்று திருத்தம் வேறு சொன்னார். சரி, வேப்பமரத்தடியில் கொஞ்சம் கூடுதலாக நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று அவரும் எழுதிக்கொண்டார்.

அப்புறம் செய்திகள் வர ஆரம்பித்தன. காலையில் ஒன்று: ‘பேப்பர் படிச்சாச்சா? கம்பை எடுங்க. வாசல் வரை ஒரு நடை.’ மாலையில் ஒன்று: ‘இன்று ஒட்டன்சத்திரம் வரை. நின்று மூச்சு வாங்கித் திரும்புங்க.’ ராத்திரி சீரியல் நேரத்தில்: ‘விளம்பரம் வந்தால் எழுந்து நில்லுங்க. முடிந்ததும் உட்காரலாம்.’

இந்த வாசகங்களில் எனக்குப் பிடித்தது, ‘உடற்பயிற்சி நல்லது’ என்று ஒன்றுகூட இல்லாதது. நல்லது என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல. அவர் ஏற்கெனவே தினமும் செய்கிற காரியம் ஒன்று, அதன் வாலில் ஒரு சின்ன வேலை. பேப்பர் முடிந்தால் வாசல், விளம்பரம் வந்தால் எழுந்து நிற்பது. சில வாரங்களில் செய்தி வருவதற்கு முன்பே பேப்பரை மடித்துவிட்டுக் கம்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வாசகங்கள் இவ்வளவு சுருக்கமாக இருப்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் 70 மட்டும்தான், அதிலும் புள்ளியும் கால்களும் கொம்புகளும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். ‘க்’ என்று எழுதினாலே இரண்டு இடம் போய்விடும். அதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கட்டணம். இந்த நெருக்கடி அப்பாவைப் போன்றவர்களுக்கு நன்மையாகவே அமைந்தது. இடது மூளை பாதித்தவர்களுக்குப் படிப்பதும் சிரமமாகலாம். நீளமான செய்தியை அவர் பாதியில் விட்டுவிடுவார். நாலு சொல் வாக்கியங்களை விரலை வைத்துப் படித்தார்.

வாட்ஸாப்பில் ஏன் அனுப்பவில்லை என்று கேட்பவர்களுக்கு: அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். வலது கை வேலை செய்யாதவருக்குத் தொடுதிரையைவிட அதுதான் வசதி. சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும், கீழே விழுந்தாலும் உடையாது.

பதில் சொல்லும் முறையும் நன்றாக யோசித்தது. நிறுவனங்கள் அனுப்பும் செய்திகள் நம் ஊரில் போன் எண்ணிலிருந்து வராமல் ஒரு எழுத்துப் பெயரிலிருந்து வருவதால், அதற்குப் பதில் அனுப்ப முடியாது. அதனால் நடந்து முடித்ததும் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னார்கள். தம்பி அதை 2-ஆம் பட்டனில் போட்டுக் கொடுத்தான். இடது கட்டைவிரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். மூன்று நாள் தொடர்ந்து மிஸ்டு கால் வரவில்லை என்றால் பிசியோ பெண் தானே கூப்பிடுவார். ஒரு முறை அப்பாவுக்குத் தோள் வலி வந்து நடையை நிறுத்தியிருந்தார். அதை நாங்கள் யாரும் டாக்டரிடம் சொல்லுமுன் அவர் கூப்பிட்டுக் கேட்டு, கையைத் தலையணை மேல் எப்படித் தாங்கி வைப்பது என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். செய்திகளுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தது 600 ரூபாய்க்கு மிகப் பெரிய விஷயம்.

இனி அம்மாவின் போன்.

நம் வீடுகளில் நோயாளியைக் கவனிப்பது என்றால் அவரை அசையவிடாமல் வைத்திருப்பது. தண்ணீர் என்று வாயெடுப்பதற்குள் சொம்பு கைக்கு வந்துவிடும். “நீங்க உட்காருங்க, நான் எடுத்துட்டு வரேன்” என்பதை அம்மா ஒரு நாளில் எத்தனை முறை சொல்வார் என்று எண்ணவே முடியாது. பார்க்க வரும் சொந்தக்காரர்களும் அதையே சொல்வார்கள். “மாமா, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க, ரெஸ்ட் எடுங்க.” அப்பா எழ முயன்றால் ஒரே நேரத்தில் நாலு கை அவரைப் பிடித்து உட்கார வைக்கும். எல்லாம் அன்புதான். அந்த அன்புக்கு நடுவே அப்பாவின் போனில் ‘எழுந்து நில்லுங்க’ என்று செய்தி வந்தால் அவர் எப்படி எழுவார்?

அந்த மருத்துவமனைக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. சேரும்போதே வீட்டில் அதிக நேரம் கூட இருப்பவரின் எண்ணையும் கேட்டு வாங்கினார்கள். அம்மாவுக்கு வாரம் மூன்று செய்தி. ‘தண்ணீர் கேட்டால் கொண்டு தராதீங்க. கூட நடந்து போங்க.’ ‘சட்டை பட்டனை அவரே போடட்டும். நேரம் ஆகட்டும்.’ ‘விழாத கையைப் பிடிக்காதீங்க. விழுந்த பக்கம் நில்லுங்க.’ ‘வலது கையை இழுத்துத் தூக்காதீங்க, தோள் நழுவும்.’

முதலாவது செய்தியைப் படித்துவிட்டு அம்மா அழுதுவிட்டார். கட்டின புருஷனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் தரக் கூடாதா, இது என்ன வைத்தியம் என்று கேட்டார். பிசியோ பெண்ணைக் கூப்பிட்டுக் கோபமாகவே பேசினார். அவர் நிதானமாக, “அம்மா, நீங்க தர்ற தண்ணியால ஐயாவுக்குத் தாகம் தீரும். அவரே போய் எடுத்தா கால் வரும். ரெண்டும் வேணும்ல, கூடவே போங்க” என்று சொல்லியிருக்கிறார். அம்மா மறுநாள் பானையைச் சமையலறையிலிருந்து கூடத்தின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார். அப்பா எட்டி எடுக்கும் உயரத்தில் ஸ்டூல், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஜன்னல் கம்பி. எந்தச் செய்தியிலும் அது வரவில்லை, அவரே யோசித்தது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடம் அம்மா போனை எடுத்துக் காட்ட ஆரம்பித்தார். “ஆஸ்பத்திரியிலிருந்தே மெசேஜ் வந்திருக்கு, அவரைப் பிடிக்கக் கூடாதாம்.” வயதான அத்தைகளிடம் என் பேச்சோ தம்பியின் பேச்சோ எடுபடாது. ஆஸ்பத்திரி பெயரில் எழுத்தாக வந்ததற்கு மரியாதை இருந்தது. புருஷனைக் கவனிக்கவில்லை என்ற பழி வராமல், அவரை நடக்கவிட அம்மாவுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. இந்தச் சேவையின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கூட இருப்பவருக்குச் செய்தி அனுப்பாத எந்தத் திட்டமும் அரைத் திட்டம்தான்.

குறைகளுக்கு வருகிறேன். மூன்றாவது மாதத்தில் தரம் விழுந்துவிட்டது. அந்தப் பிசியோ பெண் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. ஊர்ப்பெயர்கள் நின்றுபோயின. மொத்தமாக அனுப்பும் செய்திகளின் வாசகத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி முன்பே பதிவு செய்ய வேண்டும், மாறும் சொல்லுக்கு மட்டும் நடுவில் இடம் விடலாம். இதுவரை அந்த இடத்தில் ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று நிரப்பிக்கொண்டிருந்தவர் போனதும், எல்லோருக்கும் ஒரே வாசகமாகிவிட்டது. ‘ஆரோக்கியமே செல்வம், தினமும் நடப்போம்’ என்று வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். கத்திரி வெயிலில், மதியம் 2 மணிக்கு, வெளியே நடந்து வரச் சொல்லி ஒரு செய்தி. பிரஷர் மாத்திரை போடும் முதியவரைத் திண்டுக்கல் மே மாத வெயிலில் அந்த நேரத்துக்கு வெளியே போகச் சொல்வது ஆபத்து. தம்பி கூப்பிட்டுச் சொன்ன பிறகு நேரத்தை மாற்றினார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள்.

இன்னொன்று, படிக்க முடியாதவர்களுக்கு இதில் வழி இல்லை. பிசியோ அறையில் நாங்கள் பார்த்த ஒரு பெரியவருக்கு வலது மூளை பாதிப்பு. இடது பக்கத்தில் இருப்பதை அவர் மூளை கவனிப்பதே இல்லை, தட்டில் பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார். போன் திரையிலும் வரியின் முற்பாதி அவருக்குத் தெரியாது. அவர் மகள்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. எழுத்தறியாதவர்கள், பேச்சும் வாசிப்பும் போனவர்கள், பார்வை மங்கியவர்கள் எல்லோருக்கும் பதிவு செய்த குரல் அழைப்பாக இதே வாசகங்களைத் தரலாம். இதை எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

கடன் வேண்டுமா, ரீசார்ஜ் செய்யுங்கள் என்று நாள் முழுக்க வரும் செய்திகளுக்கு நடுவே இது தொலைந்துபோவதும் நடந்தது. 1909 என்ற எண்ணுக்குச் சொல்லி விளம்பரச் செய்திகளைத் தடுத்த பிறகுதான் சரியானது. சேரும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

பலன் என்ன என்று கேட்டால், அப்பா இப்போது ஆயக்குடி வரை, அதாவது டீக்கடை வரை, கம்போடு தனியாகப் போய் வருகிறார். அம்மா கொஞ்சம் பின்னால் வருவார். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுகிறார். வலது கைவிரல்கள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, அதற்குத் தனிப் பயிற்சி நடக்கிறது. வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குப் போனதும் சேர்ந்துதான் இந்த முன்னேற்றம். எல்லாவற்றையும் செய்திகளின் கணக்கில் எழுத மாட்டேன்.

அப்படி எழுதக் கூடாது என்பதற்கு ஆராய்ச்சியே சாட்சி. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் ஸ்பிரின்ட் இந்தியா என்ற பெரிய ஆய்வு நடந்தது. நாடு முழுக்க 31 மையங்கள், பக்கவாதம் வந்த 4,298 பேர், 12 மொழிகளில் குறுஞ்செய்தி, வீடியோ, ஒரு கையேடு. 2023-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவு வெளியானது. மறுபடி பக்கவாதம், மாரடைப்பு, மரணம் ஆகியவை ஓராண்டில் இதனால் குறையவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதும் பழக்கவழக்கங்களும் மட்டும் மேம்பட்டிருந்தன. இதைப் படித்தபோது எனக்குச் சோர்வு வரவில்லை. செய்தியால் ரத்தக்குழாய் அடைப்பைத் தடுக்க முடியாது, மாத்திரையும் பிரஷர் கட்டுப்பாடும்தான் அதைச் செய்ய வேண்டும். ஒரு மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்ப மட்டும் அது உதவும். அந்த ஒன்றுக்காக மட்டும் சேருங்கள். முகம் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் மிஸ்டு கால் கொடுத்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இதை அவர்களே மாதம் ஒருமுறை அனுப்புகிறார்கள், அது நல்ல பழக்கம்.

தனியார் மருத்துவமனை வரை போக முடியாதவர்களைப் பற்றியும் யோசிக்கிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். வந்துபோகும் இரண்டு நாட்களுக்கு நடுவில் நோயாளியும் வீட்டாரும் தனியாகத்தான் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் அம்மாவுக்கு வந்ததுபோல வாரம் மூன்று செய்தி ஒவ்வொரு வீட்டுக்கும் போனால் எவ்வளவோ பேர் எழுந்துவிடுவார்கள். வீட்டையும் தெருவையும் நேரில் பார்த்தவர்களே எழுதுவதால் வாசகங்களும் சரியாக அமையும். அரசு இதைச் செய்ய வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

சேர நினைப்பவர்களுக்கு இரண்டொரு விஷயம். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே, நோயாளியும் கூட இருப்பவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிச் சேருங்கள். பிறகு போனில் பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளிலிருந்தே பொதுவான வாசகங்கள்தான் வந்தன என்று அந்தப் பெரியவரின் மகள் சொன்னார். பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்பை முதல் நாளே தூக்கிப் போடுங்கள். செய்திகளை எழுதுகிறவர் யார், அவர் போனால் அடுத்து யார் என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். நாங்கள் இன்னொரு மூன்று மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறோம், புதிதாக வந்திருக்கும் பிசியோவிடம் அப்பா தன் தெருப்படத்தைக் கொடுத்து நிறுத்தங்களை விளக்கிவிட்டார். பழனி வரை போவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மெயின் ரோட்டில் லாரி வருவதால் அங்கே தம்பி கூடப் போவான்.